ஜே.பி.எஸ். ஹால்டேன்: டிஎன்ஏ தெரியாத காலத்திலேயே டிஎன்ஏவின் கணக்கைப் போட்டவர், கொல்கத்தாவுக்கு ஏன் வந்தார்?

கொல்கத்தாவில் சயின்ஸ் சிட்டிக்குப் போக முகவரி தேடினால், ஜே.பி.எஸ். ஹால்டேன் அவென்யூ என்று வரும். அந்தச் சாலை ஒரு பிரிட்டிஷ் விஞ்ஞானியின் பெயரைச் சுமக்கிறது. அவர் லண்டனில் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, 64 வயதில் கொல்கத்தாவுக்குக் குடிவந்து, இந்தியக் குடிமகனாகவே இறந்தவர்.

அவரை நீங்கள் ஏன் தெரிந்துகொள்ளணும்? மரபணு எதனால் ஆனது என்றே யாருக்கும் தெரியாத காலத்தில், அதைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டார். காப்பி எடுக்கும்போது எத்தனை தடவை தப்பு நடக்கும்? ஒரிஜினல் எது, காப்பி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தப்பான காப்பி ஏன் அழியாமல் நம்மோடேயே இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கான பதில், கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் செய்துகொள்ள வேண்டிய ஒரு ரத்தப் பரிசோதனையில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன், ஆளைப் பார்த்துவிடலாம்.

யார் இந்த ஹால்டேன்?

1892 நவம்பர் 5, ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன், மூச்சைப் பற்றி ஆராய்ந்த உடலியல் விஞ்ஞானி. நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயு எப்படிக் கொல்கிறது என்று தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர். மகனையும் சின்ன வயதிலேயே சுரங்கத்துக்குள் அழைத்துப் போனார். மீத்தேன் மேலே தேங்கியிருந்த இடத்தில் நின்று ஷேக்ஸ்பியர் வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். பையன் கொஞ்ச நேரத்தில் மயங்கி விழுந்தான். தரைக்கு அருகில் காற்று நன்றாக இருந்ததால் தெளிந்து எழுந்தான். எந்த வாயு எங்கே தங்கும் என்ற பாடம் முடிந்தது!

தங்கை நவோமியோடு சேர்ந்து வீட்டில் கினிப் பன்றி வளர்த்து, குட்டிகளின் நிறம் எப்படி மாறுகிறது என்று எண்ணிப் பார்த்தார். பிறகு எலிகளுக்குப் போனார்கள். இரண்டு குணங்கள் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன என்பதைப் பாலூட்டிகளில் முதலில் காட்டிய கட்டுரை 1915-ல் வந்தது. அண்ணன், தங்கை, ஒரு நண்பர் என்று மூன்று பேர் பெயரில் வந்த அந்தக் கட்டுரையை ஹால்டேன் முதல் உலகப்போர் முனையில் இருந்தபடி முடித்தார். நண்பர் அதற்குள் போரில் இறந்துவிட்டார்.

ஒரு விஷயம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஹால்டேனிடம் அறிவியல் பட்டம் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது கணிதமும், கிரேக்க, லத்தீன் செவ்வியல் இலக்கியமும். அந்தக் கணிதத்தை உயிரியலுக்குள் கொண்டு வந்ததுதான் அவர் வாழ்க்கையின் பெரிய வேலை. இயற்கைத் தேர்வை சமன்பாடுகளாக எழுதிக் காட்டிய மூவர் என்று ஃபிஷர், ரைட், ஹால்டேன் ஆகியோரைச் சொல்வார்கள்.

மெசபடோமியாவில் காயம்பட்டபோது, குணமாக அவரை அனுப்பி வைத்தது இந்தியாவுக்கு. அப்போதே இந்த நாடு அவருக்குப் பிடித்துப் போனது. ஆனால் ஆளும் இனத்தின் அதிகாரியாக இல்லாமல், சமமான மனிதனாகத் திரும்பி வரணும் என்று நினைத்தார். அதற்கு இன்னும் 40 வருஷம் ஆனது.

முதல் கேள்வி: எத்தனை தடவை தப்பு நடக்கும்?

1935. ஹால்டேன் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியர். கையில் எடுத்தது ஹீமோஃபீலியா, அதாவது காயம் பட்டால் ரத்தம் உறையாத நோய்.

இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் 2, ஆணுக்கு 1. பெண்ணிடம் ஒன்று கெட்டாலும் இன்னொன்று சமாளித்துவிடும். ஆணுக்கு மாற்று கிடையாது, அதனால் நோய் வரும். அந்தக் காலத்தில் நோய் உள்ள ஆண்களில் பெரும்பாலோர் குழந்தை பெறும் முன்பே இறந்துவிடுவார்கள்.

இப்போது கணக்கு. மொத்த எக்ஸ் குரோமோசோம்களில் மூன்றில் ஒரு பங்கு ஆண்களிடம். அப்படியானால், ஒவ்வொரு தலைமுறையிலும் கெட்டுப்போன காப்பிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அழிந்துவிடணும். 100 கெட்ட காப்பிகள் இருந்தால், அடுத்த தலைமுறையில் 67, அதற்கடுத்து 44. பத்தே தலைமுறையில் 2 கூட மிஞ்சாது. ஆனால் நோய் குறையவில்லையே?

ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்காமல் இருந்தால், எங்கோ ஒரு குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குழாய்தான் புதிதாக நடக்கும் காப்பிப் பிழை. லண்டனில் எவ்வளவு பேருக்கு நோய் இருக்கிறது என்ற மதிப்பீட்டை வைத்து, வெளியே போகும் அளவுக்கு உள்ளே வரணும் என்று சமன்பாடு போட்டார். ஒரு தலைமுறைக்கு சுமார் 50,000-ல் 1 தடவை இந்த மரபணு புதிதாகக் கெடுகிறது என்று விடை வந்தது.

மனித மரபணு ஒன்றின் பிழை வேகத்தைக் கணக்கிட்ட முதல் முயற்சிகளில் இது ஒன்று. மைக்ரோஸ்கோப் கிடையாது, சோதனைக் குழாய் கிடையாது, வெறும் டேட்டா. நோய் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அது புதிய பிழையால் வந்தது என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது. குடும்பத்தில் யாருக்குமே இல்லாத மரபணு நோய் ஒரு குழந்தைக்கு வந்தால், யார் வழியில் வந்தது என்று மாமியார், மருமகள் சண்டை போடுகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. அந்தக் கேள்வியே சில சமயம் தப்பு என்று 1935-லேயே கணக்கு சொல்லிவிட்டது.

இரண்டாவது கேள்வி: ஒரிஜினல் எது, ஜெராக்ஸ் எது?

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, அதன் மரபணுக்கள் முழுதாக இரண்டு செட் ஆகின்றன. சர்டிஃபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்தால் ஒரிஜினல் தனியாக இருக்கும், காப்பி தனியாக இருக்கும். செல்லுக்குள்ளும் அப்படித்தானா?

1941-ல் வெளிவந்த புத்தகம் ஒன்றில் ஹால்டேன் இதற்கு ஒரு வழி சொன்னார். செல்லுக்குக் கொடுக்கும் உணவில் கனமான நைட்ரஜனைக் கலக்கலாம். புதிதாக உருவாகும் காப்பியில் அந்தக் கன நைட்ரஜன் இருக்கும், பழைய ஒரிஜினலில் இருக்காது. வித்தியாசம் தெரிந்துவிடும். மரபணு என்பது டிஎன்ஏ என்று அப்போது யாருக்கும் தெரியாது. அது புரதமாக இருக்கும் என்றுதான் பலரும் நம்பினார்கள்.

1953-ல் வாட்சனும் கிரிக்கும், ரோசலிண்ட் ஃபிராங்ளினின் எக்ஸ்ரே தரவுகளின் துணையோடு, டிஎன்ஏவின் வடிவத்தைச் சொன்னார்கள். முறுக்கிவிட்ட ஏணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கக் கால்களும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி வரும் சரங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு எழுத்துகள் கைகோத்து நிற்கும். மொத்தம் நான்கே எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. ஏ வந்தால் எதிரில் டி, ஜி வந்தால் எதிரில் சி. வேறு ஜோடி சேராது. உங்கள் அப்பாவிடமிருந்து வந்த ஒரு செட், அம்மாவிடமிருந்து வந்த ஒரு செட், ஒவ்வொன்றிலும் சுமார் 300 கோடி எழுத்துகள்.

இந்த ஜோடி விதியிலேயே காப்பி எடுக்கும் வழியும் இருக்கிறது. ஏணியை நடுவில் பிரித்தால், ஒரு பாதியைப் பார்த்தே மறுபாதியை எழுதிவிடலாம். ஆனால் செல் உண்மையிலேயே அப்படித்தான் செய்கிறதா?

1958-ல் அமெரிக்காவின் கால்டெக்கில் மெசல்சன், ஸ்டால் என்ற இரண்டு இளைஞர்கள் கன நைட்ரஜனை வைத்தே அதை நிரூபித்தார்கள். பாக்டீரியாவைக் கன நைட்ரஜனில் வளர்த்து, பிறகு சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினார்கள். ஒரு தலைமுறை கழித்துப் பார்த்தால், எல்லா டிஎன்ஏவும் நடுத்தர எடை. இன்னொரு தலைமுறை கழித்து, பாதி நடுத்தரம், பாதி லேசு. அதாவது முழு ஒரிஜினல் என்று எதுவும் தனியாக நிற்பதில்லை. ஒவ்வொரு புது டிஎன்ஏவிலும் ஒரு சரம் பழசு, ஒரு சரம் புதுசு. இதற்கு 17 வருஷம் முன்பே ஹால்டேன் யோசித்த சோதனையும் இதே அடிப்படையில் அமைந்தது. பதில் வந்தபோது அவர் கொல்கத்தாவில் இருந்தார்.

எழுத்து எப்படிப் புரதம் ஆகிறது?

மூன்றாவது கேள்விக்குப் போக இது தெரியணும். சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

டிஎன்ஏ, லாக்கரில் வைத்த வீட்டுப் பத்திரம் மாதிரி. அது செல்லின் கருவை விட்டு வெளியே வராது. தேவையான பக்கத்தை மட்டும் ஆர்என்ஏ என்ற தாளில் எழுதி எடுக்கிறார்கள். அந்தத் தாளில் தேவையில்லாத பகுதிகளை வெட்டிவிட்டு, மீதியை ஒட்டுகிறார்கள். பிறகு அது ரைபோசோம் என்ற பட்டறைக்குப் போகிறது. அங்கே மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுகிறது. பெரும்பாலான மூன்றெழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு அமினோ அமிலம். மொத்தம் 64 மூன்றெழுத்துகள், 20 அமினோ அமிலங்கள். பூச்சரம் தொடுப்பது மாதிரி அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்தால் புரதம். எந்த மூன்றெழுத்துக்கு எந்த அமினோ அமிலம் என்ற அகராதியை எழுதியதில் பெரும்பங்கு வகித்ததற்காகத்தான் பஞ்சாபில் பிறந்த ஹர் கோபிந்த் கொரானாவுக்கு 1968-ல் நோபல் கிடைத்தது.

ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும்? ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் பீட்டா என்ற சரம் இருக்கிறது. 146 அமினோ அமிலங்கள். அதன் 6-வது இடத்துக்கான ஜிஏஜி, ஜிடிஜி என்று மாறினால் சிக்கிள் செல். 26-வது இடத்தின் ஜிஏஜி, ஏஏஜி என்று மாறினால் ஹீமோகுளோபின் ஈ. வெட்டி ஒட்டும் இடத்தில் பிழை வந்தால் சரமே சரியாக உருவாகாது. அது பீட்டா தலசீமியா. இந்தியாவில் அதிகம் காணப்படும் பீட்டா தலசீமியா பிழை இந்தக் கடைசி வகைதான்.

மூன்றாவது கேள்வி: தப்பு ஏன் அழியவில்லை?

தலசீமியா தீவிரமாக இருக்கும் குழந்தைக்கு சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றணும், வாழ்நாள் முழுக்க. அந்த வசதி இல்லாத காலத்தில் அவர்கள் பெரியவர்களாக வளர்வதே அபூர்வம். ஹீமோஃபீலியா கணக்குப்படி பார்த்தால், இந்த மரபணு எப்போதோ அபூர்வமாகியிருக்கணும். ஆனால் மத்தியதரைக் கடல் நாடுகளில் ஏராளமாக இருந்தது. புதிய பிழைகளால் மட்டும் இவ்வளவு வர முடியாது, அந்த வேகம் போதாது.

1940-களின் கடைசியில் ஹால்டேன் ஒரு யோசனை சொன்னார். ஒரே ஒரு கெட்ட காப்பி மட்டும் உள்ளவர்களின் சிவப்பணுக்கள் கொஞ்சம் சின்னதாக இருக்கும். அவர்களுக்கு நோய் இல்லை. ஒருவேளை மலேரியா அவர்களை அவ்வளவாகத் தாக்காதோ? அப்படியானால் மலேரியா பகுதிகளில் அவர்கள் அதிகம் பிழைத்திருப்பார்கள், மரபணுவும் தங்கியிருக்கும்.

1954-ல் அந்தோணி அலிசன் என்ற ஆய்வாளர் கிழக்கு ஆப்பிரிக்காவில் சிக்கிள் செல்லில் இதைக் காட்டினார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1952-ல், தென்னிந்தியாவிலும் சிக்கிள் செல் இருப்பது பதிவானது. நம்ம நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான்.

ஏன் கொல்கத்தா?

1957-ல் ஹால்டேனும் அவர் மனைவி, உயிரியலாளர் ஹெலன் ஸ்பர்வேயும் கொல்கத்தா வந்தார்கள். எகிப்தின் சூயஸ் மீது பிரிட்டன் படையெடுத்ததைக் கண்டிக்கிறேன் என்பது அவர் வெளியே சொன்ன காரணம். வேறு காரணங்களும் உண்டு. ஓய்வு வயது நெருங்கியிருந்தது. லண்டனில் போலீஸ் நாயின் வாலை மிதித்த வழக்கில் அபராதம் கட்ட மறுத்து ஹெலன் சிறைக்குப் போயிருந்தார். எல்லாவற்றுக்கும் மேல், மஹாலனோபிஸ் 1931-ல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பாராநகரில் அவருக்காகக் காத்திருந்தது. கணிதத்தால் உயிரைப் படிப்பவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எது?

குர்தாவும் வேட்டியும் உடுத்தினார். சைவத்துக்கு மாறினார். இளைஞர்களுக்கு அவர் சொன்னது எளிமையானது: விலை உயர்ந்த கருவிக்காகக் காத்திருக்காதே, எண்ணத் தொடங்கு. தென்னை மரங்களில் ஓலை சுற்றும் திசையை டி.ஏ. டேவிஸ் எண்ணினார். சில மரங்களில் இடம், சிலவற்றில் வலம். பெற்றோர் மரம் எதுவானாலும் பிள்ளை மரங்கள் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. ஆக அது பரம்பரைக் குணம் இல்லை! ஆந்திராவிலிருந்து வந்த கிருஷ்ணா துரோணம்ராஜு, சொந்தத்தில் நடக்கும் திருமணங்களைக் கணக்கெடுத்தார்.

குறையில்லாத மனிதர் அல்ல. மரபணுவியலையே மறுத்த லைசென்கோவை சோவியத் அரசு தூக்கிப் பிடித்தது. உலகின் முன்னணித் தாவரவியலாளர்களில் ஒருவரான வாவிலோவ் 1943-ல் சிறையில் செத்தார். கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்த ஹால்டேன் இதை வெளிப்படையாகக் கண்டிக்க ரொம்ப நாள் தயங்கினார். டேட்டாவை வைத்து யாரையும் எதிர்த்தவர், தன் பக்கத்து ஆட்கள் என்று வந்தபோது வாயைத் திறக்கவில்லை. அவரைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்தே சொல்லணும்.

கொல்கத்தா வாழ்க்கையும் நீடிக்கவில்லை. நிறுவன நிர்வாகத்தோடு மோதல், 1961-ல் ராஜினாமா. பிறகு ஒடிசா அரசின் ஆதரவோடு புவனேஸ்வரில் ஒரு மரபணுவியல் ஆய்வகம் தொடங்கினார். 1964 டிசம்பர் 1, புற்றுநோயால் அங்கேயே இறந்தார். உடலை மருத்துவ மாணவர்கள் படிக்கக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அது காக்கிநாடாவின் ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது.

சரி, உங்களுக்கு இதில் என்ன?

ஒரு கெட்ட காப்பி மட்டும் வைத்திருப்பவர்களை கேரியர் என்கிறோம். இந்தியாவில் சராசரியாக 100-ல் 3 முதல் 4 பேர் பீட்டா தலசீமியா கேரியர்கள். வங்கத்திலும் வடகிழக்கிலும் ஹீமோகுளோபின் ஈ கூடுதலாக இருக்கிறது. கேரியராக இருந்தால் ஓடலாம், வேலை பார்க்கலாம், ஒன்றும் தெரியாது. சிக்கல் இரண்டு கேரியர்கள் சேரும்போதுதான்:

- ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு.
- கேரியராகப் பிறக்க 50 சதவீதம்.
- எதுவும் இல்லாமல் பிறக்க 25 சதவீதம்.
- முதல் குழந்தை தப்பித்தது என்பதால் இரண்டாவதுக்கு வாய்ப்பு குறையாது. ஒவ்வொரு முறையும் புதுக் கணக்கு.

நீங்கள் கேரியர் என்று வைத்துக்கொள்வோம். வெளியில் திருமணம் செய்தால், துணையும் கேரியராக இருக்க சுமார் 25-ல் 1 வாய்ப்பு. அத்தை மகனோ மாமன் மகளோ என்றால், அதே பிழை அவரிடமும் இருக்க குறைந்தது 8-ல் 1. தாய்மாமன் என்றால் 4-ல் 1. ஒரே சமூகத்துக்குள்ளேயே திருமணம் நடக்கும் இடங்களில் அந்த 25-ல் 1 கூட ஏறலாம். கொல்கத்தாவிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்து, வங்காளித் துணையைக் கட்டிக்கொள்கிறீர்களா? உங்களிடம் தலசீமியா, அவரிடம் ஹீமோகுளோபின் ஈ என்று சேர்ந்தாலும் குழந்தைக்கு நோய் வரலாம்.

இதற்காக யாரும் காதலையோ கல்யாணத்தையோ நிறுத்த வேண்டியதில்லை. இருவருமே கேரியர் என்று முன்கூட்டியே தெரிந்தால், கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே கருவைப் பரிசோதிக்க வழி இருக்கிறது. மரபணு ஆலோசகரிடம் பேசி முடிவெடுக்கலாம்.

பரிசோதனை எளிது. முதலில் வழக்கமான ரத்த எண்ணிக்கை, அதாவது சிபிசி. அதில் எம்சிவி என்ற எண் குறைவாக இருந்தால் சிவப்பணுக்கள் சின்னதாக இருக்கின்றன என்று பொருள், ஹால்டேன் கவனித்த அதே விஷயம். இரும்புச்சத்து குறைந்தாலும் இப்படி வரும். அதனால் பல கேரியர்கள் பல வருஷம் இரும்பு மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருப்பார்கள். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஹெச்பிஎல்சி என்ற பரிசோதனை போதும். ஹீமோகுளோபின் ஏ2 அளவு, ஈ, சிக்கிள் எல்லாம் அதில் தெரியும். வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே ஒரு முறை செய்தால் போதும், மரபணு மாறப்போவதில்லை.

ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிற வீட்டில், இந்தப் பேச்சை எடுப்பது கொஞ்சம் சங்கடம்தான். பெண் வீட்டில் மட்டும் கேட்டால் அது பழி மாதிரி ஆகிவிடும். அதனால் நீங்கள் முதலில் எடுத்து, உங்கள் ரிப்போர்ட்டை முதலில் நீட்டுங்கள்.